அறுநூற்றுப் பதினோராவது வார்னிங்

அந்தப் பெட்டியக் கீழ வச்சுட்டு உக்காருங்கண்ணே. மடியில வச்சுக்கிட்டேவா தூத்துக்குடி வரைக்கும் வரப் போறீங்க? சரி, உங்க இஷ்டம். எட்டயபுரத்துல ஏறுனவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் "உக்காரலாமா"ன்னு கேட்டீங்க. மத்தவங்க உக்காந்துட்டு என்னையத் தள்ளச் சொன்னாங்க. ஜன்னல மட்டும் மூடிறாதீங்க. இப்பக் கொஞ்ச நேரமா பஸ்ல மீன் வாடை அடிக்குது. எவன் கொண்டாந்தான்னு தெரியல. உங்களுக்கு அடிக்கலையா? பழகிருச்சு போல.

தூத்துக்குடிக்கு எத்தனை மணிக்குப் போவான்? பன்னெண்டரையா. நல்லது. அங்க ஒரு ஆளப் பாத்து நாலு கேள்வி கேக்கணும். மதுரையில ஏறுறப்போ ஏழு கேள்வி இருந்துச்சு. அருப்புக்கோட்டையில டீ குடிச்சதுல மூணு மறந்துபோச்சு.

தகராறான்னா தகராறுதான். இடத் தகராறு இல்ல, பங்காளிச் சண்டை இல்ல. என் பேர எடுத்துட்டாருண்ணே அந்த மனுஷன். மூணு மாசம் உக்காந்து செஞ்ச வேலை, அதுல என் பேரு இருந்துச்சு. புதன்கிழமை சாயங்காலம் பாக்குறேன், வேலையும் இல்ல, பேரும் இல்ல. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு கோயமுத்தூர் கம்பெனிக்காரங்க நெட்டுல அந்த வேலை இருந்த பக்கத்தத் திறந்து பாக்கப் போறாங்க. அதுக்குள்ள என் பேரு அங்க திரும்ப இருக்கணும். இருந்தா எனக்கு வேலை. இல்லன்னா நான் இப்படியே பஸ்ல போறவர் வர்றவர்கிட்ட பேசிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

என் பேரு கோவர்த்தனன். கம்ப்யூட்டர்ல சி-ன்னு ஒரு மொழி இருக்கு, அதுல எழுதுறவன். சென்னையில ஒரே கம்பெனியில பத்தொம்பது வருஷம். போன ஆவணியில கூப்பிட்டு, உங்க சேவைக்கு நன்றின்னு ஒரு பூச்செடி குடுத்து அனுப்பிட்டாங்க. தொட்டியோட. அத மடியில வச்சுக்கிட்டுத்தான் மதுரை வந்து சேந்தேன். இப்ப நீங்க அந்தப் பெட்டிய வச்சிருக்கீங்களே, இதே மாதிரி.

அப்புறம் இன்டர்வியூவுக்குப் போனா எல்லா இடத்துலயும் ஒரே கேள்வி. "சார், நீங்க எழுதுனத வெளியில எங்க பாக்கலாம்?" எங்கன்னு காட்டுறது? பத்தொம்பது வருஷமா எழுதுனதெல்லாம் கம்பெனி பூட்டுக்குள்ள கிடக்கு. சமையக்காரன்கிட்ட ருசி காட்டுன்னா, பழைய முதலாளி வயித்துலதான் இருக்குன்னா சொல்ல முடியும்?

அதனால ஓப்பன் சோர்ஸுக்குப் போனேன். ஒருத்தர் எழுதுனத ஊருக்கே திறந்து வச்சிருப்பாரு. யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்தி அனுப்பலாம். வச்சிருக்கிறவரு பாத்துட்டு சரின்னா சேத்துக்குவாரு, திருத்துனவன் பேரும் அங்க நிக்கும். நான் தேடிப் பிடிச்சது ஒரு லைப்ரரி. புத்தகம் வைக்கிற லைப்ரரி இல்லண்ணே. பல பேருக்கு வேணுங்கிற ஒரு வேலைய ஒருத்தரே எழுதி வச்சிட்டா, மத்தவங்க எடுத்துச் சொருகிக்கலாம், அதுக்குப் பேரு லைப்ரரி. இது எலக்ட்ரானிக் தராசுக்கு. தட்டுல வச்ச எடைய வாங்கி, கணக்குப் போட்டு, திரையில காட்டுறது.

தராசுல எனக்கென்ன ஆர்வம்? ஒண்ணும் கிடையாது. அதுல அறுநூத்திப் பதினொரு வார்னிங் இருந்துச்சு, அதான் ஆர்வம்.

வார்னிங்னா இப்படி வச்சுக்கங்க. நாம எழுதுனத மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கிறது கம்பைலர்னு ஒரு புரோகிராம். நாம எழுதுனது சுத்தமாத் தப்புன்னா மாத்தவே மாட்டேன்னு உக்காந்துக்கும். அது எர்ரர். தப்பில்ல, ஆனா எனக்கு மனசு ஒப்பலன்னா, மாத்திக் குடுத்துட்டு முனகும். அந்த முனகல்தான் வார்னிங். என் மாமனார் வீட்டுல எங்க கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்ட மாதிரி.

அறுநூத்திப் பதினோரு முனகல வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் பேசாம இருந்திருக்காரு பாருங்க. நான் நினைச்சேன், இது தங்கச் சுரங்கம். எல்லாத்தையும் நானே சரி பண்ணி, என் பேரு அறுநூத்திப் பதினோரு தடவை நின்னா, எந்தக் கம்பெனி வேண்டாம்னு சொல்லும்?

லைப்ரரிய வச்சிருந்தவர் பேரு மச்சாது. எல். மச்சாது. இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. நான் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன், பிரேசில்காரரு. பிரேசில் ஃபுட்பால் டீம்ல அந்தப் பேருல ஒருத்தன் இல்லாமயா இருப்பான்? முதல் லெட்டர்லயே உங்க நாட்டு ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு எழுதுனேன். "ஓகே சார்"னு பதில் வந்துச்சு. என்ன ஒரு அடக்கம்னு என் வீட்டுக்காரி சுகந்திகிட்ட காட்டுனேன். உங்க பக்கம் மழையான்னு கேட்டேன். "மழை இல்லை சார், ரொம்ப வெயில்"னு எழுதுனாரு. சரிதான், பூமிக்கு அந்தப் பக்கம் இப்ப கோடைன்னு சுகந்திக்கு விளக்கிச் சொன்னேன்.

சிரிக்காதீங்கண்ணே. தூத்துக்குடியில பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாதுன்னு தெருத்தெருவா இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். பத்தொம்பது வருஷம் வேளச்சேரியில குடியிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

புரட்டாசியில ஆரம்பிச்சேன். காலையில குளிச்சு, சட்டை பேன்ட் போட்டு, ஆபீஸ் போற மாதிரி உள் ரூமுக்குப் போயிருவேன். ஒரு பேரு வச்சுட்டு எங்கயுமே பயன்படுத்தாம விட்டிருப்பாரு, எடுத்துருவேன். ஒரே வேலைய ரெண்டு இடத்துல செஞ்சிருப்பாரு, ஒண்ணாக்கிருவேன். ராத்திரி சாப்பாட்டுல சுகந்திகிட்ட இன்னிக்கு ஒம்பது, இன்னிக்குப் பதினாலுன்னு சொல்லுவேன். அவ ஒரு நாள் கேட்டா, "யாராவது உங்கள இதச் செய்யச் சொன்னாங்களா?" யாரும் சொல்லல, அதுதான் ஓப்பன் சோர்ஸ்னேன். "அப்ப வீட்டுல கூட ஓப்பன் சோர்ஸா கொஞ்சம் பாக்கலாமே"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்கு இதெல்லாம் விளங்காது.

நடுவுல மச்சாது ஒரு லெட்டர் போட்டாரு. ஒண்ணொண்ணா அனுப்புங்க சார், நான் பாத்துப் பாத்துச் சேத்துக்கிறேன்னு. நான் மாட்டேன்னுட்டேன். யோசிச்சுப் பாருங்க, ஒண்ணொண்ணா அனுப்புனா சில்லறை மாதிரி இருக்கும். எல்லாத்தையும் ஒரே கட்டா அனுப்புனா பாக்குறவனுக்கு ஒரு பிரமிப்பு வரும். மொத்தமா அனுப்புறதுதான் முறைன்னு நாலு பாராவுல எழுதுனேன். "ஓகே சார்"னு வந்துச்சு.

மார்கழி கடைசியில அறுநூத்திப் பத்து முடிஞ்சது. மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணப் பத்தித்தான் எல்லா வம்பும், கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

எடைய வைக்கிற இடத்துல, இந்த எண் மைனஸ்லயும் போகலாம்னு எழுதி வச்சிருந்தாரு. மைனஸா இருந்தா முன்னாடி ஒரு கோடு போட்டுக் காட்டுன்னு தனியா ஒரு வரி. அதுக்குக் கீழ, எடை தராசு தாங்குற முப்பது கிலோவத் தாண்டுதான்னு ஒப்பிட்டுப் பாக்குற வரி. அந்த முப்பது கிலோ மைனஸ்ல போகாத எண். கம்பைலர் என்ன சொல்லுது? ஒண்ணு மைனஸ்ல போகும், ஒண்ணு போகாது, ரெண்டையும் ஒப்பிடுறியேன்னு முனகுது. நியாயமான முனகல்.

நான் நாற்காலியில சாஞ்சு யோசிச்சேன். இந்த உலகத்துல மைனஸ் எடைன்னு ஒண்ணு இருக்கா? கத்திரிக்கா மைனஸ் அரைக் கிலோ, அப்படி யாராவது வாங்கியிருக்காங்களா? எடைங்கிறது சைபர்ல ஆரம்பிச்சு மேல போகும். அதனால எடைய மைனஸ் போகாத எண்ணா மாத்துனேன். மாத்துனதும், கோடு போடுற அந்த வரி எப்பவுமே நடக்காத வரி ஆயிருச்சு. அதையும் எடுத்துட்டேன். கம்பைலர ஓட்டுனா, ஒரு சத்தம் இல்ல. சுத்தம். சுகந்தியக் கூப்பிட்டுக் காட்டுனேன். "ஒண்ணுமே இல்லையே"ன்னா. அதத்தான் பாரு, மூணு மாச உழைப்புன்னேன்.

கட்டா அனுப்புனேன். மச்சாதுகிட்டருந்து ரெண்டே வார்த்தை. "மைனஸ், சார்?" எனக்குப் பாவமா இருந்துச்சு. பிரேசில்ல பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுக்கிறாங்களோன்னு, எடைன்னா என்ன, புவியீர்ப்புன்னா என்னன்னு முதல்ல இருந்து எழுதி அனுப்புனேன். ஒரு நாள் கழிச்சுப் பதில். "எனக்கு விளங்கலை சார், ஆனா உங்களுக்குத் தெரியும்." சேத்துட்டாரு. என் பேரு வந்துருச்சு. கோயமுத்தூர்ல இன்டர்வியூ பிரமாதமா நடந்துச்சு. திங்கக்கிழமை உங்க வேலையப் பாத்துட்டு ஆர்டர் அனுப்புறோம்னாங்க.

புதன்கிழமை பாக்குறேன், மூணு மாச வேலையும் காணோம். கட்டையே தூக்கி வெளிய வச்சிருக்காரு. பழைய அறுநூத்திப் பதினோரு முனகலும் திரும்ப வந்துருச்சு. கீழ ஒரு குறிப்பு, தமிழ்ல. தமிழ்லண்ணே! "மீன எடுத்தா எடை குறையணும் சார். பழைய மாதிரியே வச்சிட்டேன். மன்னிக்கவும்."

போன் நம்பரத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டேன். பின்னாடி ஒரே கூச்சல், யாரோ ஏலம் கூவுறாங்க. நீங்க பிரேசில் இல்லையான்னேன். "தூத்துக்குடி சார், பழைய துறைமுகம் பக்கம், தராசு ரிப்பேர் கடை வச்சிருக்கேன்"னாரு. அப்ப ஏன் இத்தனை நாள் தமிழ்ல எழுதலன்னேன். "நீங்க இங்கிலீஷ்ல எழுதுனீங்க, மரியாதைக்கு நானும் எழுதுனேன்"னாரு. ஒரு தப்புக்காக எல்லாத்தையும் தூக்கலாமான்னேன். "கட்டா வந்துச்சு சார், பிரிக்கத் தெரியல. நேர்ல வாங்க, பேசிக்கலாம். மீன் சாப்பிடுவீங்கள்ல?" எப்படி இருக்கு பாருங்க. ஒருத்தன் பிழைப்புல கை வச்சுட்டு, மீன் சாப்பிடுவீங்களான்னா என்ன அர்த்தம்? பொறாமைண்ணே. தன்னோட வீட்ட இன்னொருத்தன் சுத்தம் பண்ணிட்டானேங்கிற பொறாமை.

என்ன? லூர்து மச்சாதுவான்னா கேக்குறீங்க? எல்-னுதான் போட்டிருந்துச்சு, லூர்தா இருக்கலாம். உங்களுக்கும் தெரியுமா? அந்தாளுகிட்டதான் போறீங்களா? நல்லதாப் போச்சு, ரோட்டுல யாரையும் விசாரிக்க வேண்டாம்.

பெட்டிய ஏன் திறக்குறீங்க? ஓ. தராசா. எலக்ட்ரானிக்.

நீங்க என்ன வியாபாரம்ணே? மீனா. சரி சரி. வாடையப் பத்தி நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. அது பின் சீட்டாக் கூட இருக்கும்.

இங்க எதுக்குண்ணே ஆன் பண்றீங்க? பஸ்ல... சரி, பாக்குறேன், காட்டுங்க. என் பையிலருந்து பழச்சீப்பக் கேக்குறீங்க. இந்தாங்க. பழத்தத் தட்டுல வச்சாச்சு. ஒரு கிலோ முந்நூறு. ஜீரோ பட்டன அமுக்குறீங்க. பழம் தட்டுலயே இருக்கு, எண் மட்டும் சைபர் ஆயிருச்சு. சரி. இப்ப ரெண்டு பழத்தப் பிச்சு எடுக்குறீங்க...

நிப்பாட்டுங்கண்ணே, நிப்பாட்டுங்க. கண்டக்டர் பாக்குறாரு. என்னா கத்து கத்துது! எடை அதிகம், எடை அதிகம்னு அலறுதே. இது என்ன எண்ணு? நாப்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரம்... கிலோ. ரெண்டு வாழப்பழம். அணைங்க முதல்ல.

ம்.

விளக்க வேண்டாம்ணே, புரியுது. மைனஸ் போகாத எண்ண மைனஸுக்குத் தள்ளுனா, அது அந்தப் பக்கம் சுத்திப் போய் உச்சியில நிக்கும். அது கம்ப்யூட்டர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது வேற. மீன் டப்பாவ அப்படியே தராசு மேல வச்சு, ஜீரோ அமுக்கிருவீங்களா? வர்றவங்க கையாலயே பொறுக்கி எடுப்பாங்களா? எடுக்க எடுக்க மைனஸ் அரைக் கிலோ, மைனஸ் ஒண்ணுன்னு காட்டும். அது அவங்க எடுத்த எடை. ஈரக் கையோட தட்டு மாத்த வேண்டாம், தண்ணி சொட்ட வேண்டாம். எல்லாரும் இப்படித்தானா? காய்க்காரங்க கூடவா? நான் காய் வாங்கப் போனதில்லண்ணே. சுகந்திதான் போவா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் இதுக்கு முன்னாடி தராசப் பக்கத்துல வச்சுப் பாத்திருக்கேனான்னு கேக்குறீங்க. பாத்திருக்கேன். மளிகைக் கடையில. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.

தெருவுல சிரிச்சாங்களா? நாப்பது லட்சம்னே கூப்பிடுறாங்களா உங்கள. உங்க பேரு என்னண்ணே? கோட்டைச்சாமி. நல்ல பேரு. சிரிச்சவங்க பரவால்லங்கறீங்க. பதினஞ்சு வருஷமா உங்ககிட்ட சாளை மீன் வாங்குன டீச்சரம்மா தராச ஒரு மாதிரி பாத்துட்டு, டப்பாவுல மீனத் திருப்பிப் போட்டுட்டுப் போனாங்களா. அதுக்கப்புறம் வரவே இல்லையா. கை வச்ச தராசுன்னு நினைச்சிருப்பாங்க.

கைய வச்சது நான்தான். ஆமா. அந்த அறுநூத்திப் பதினொண்ணு நான்தான். அத ஏன் மெதுவாக் கேக்குறீங்க, ஏறுனதுல இருந்து நான் சத்தமாத்தானே சொல்லிக்கிட்டு வாரேன்.

மச்சாது என்ன சொல்றாரு, ரொம்பத் திட்டுறாரா? சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். திட்டலையா. நான் அனுப்புனத ஏத்தி அவரு வித்த நூத்திநாப்பது தராசு போர்டையும் திரும்பக் கொண்டாரச் சொல்லி, டோக்கன் குடுத்து, ஒண்ணொண்ணாப் பழையபடி மாத்துறாரா. இனாமா? கேக்குறவங்ககிட்ட எல்லாம் என்ன சொன்னாரு? "மதுரை சாரு ஒருத்தர் பாவம், வேலை இல்லாத நேரத்துல நமக்காக உக்காந்து செஞ்சு குடுத்தாரு. அவர் மேல தப்பில்ல, மீன எடுத்துப் பாக்காம போர்டுல ஏத்துனது நான்தான்"னாரா.

இருங்கண்ணே. எனக்கு வேலை இல்லன்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்லையே. ஒரு லெட்டர்லயும் எழுதலையே. அவருக்கு எப்படித் தெரியும்?

பகல் பதினோரு மணிக்குக் கேள்வி கேட்டா ரெண்டு நிமிஷத்துல நாலு பாரா பதில் போடுறவனுக்கு வேற என்ன வேலை இருக்க முடியும்னாரா. அப்படியா சொன்னாரு.

சரி.

குறுக்குச்சாலை தாண்டிருச்சா? இன்னும் அரை மணி நேரம். நான் ஒண்ணு யோசிச்சேன், கேளுங்க. அறுநூத்திப் பத்து சரியானது, ஒண்ணு தப்பு. ஒரு விரல் போனா கைய வெட்டுறதா? அந்த ஒண்ண விட்டுட்டு, மத்ததப் பிரிச்சு ஒண்ணொண்ணா அனுப்பப் போறேன். அவரு கடையிலயே உக்காந்து. இப்ப சனிக்கிழமை மத்தியானம், திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்காம இருந்தா நாலரை நிமிஷத்துக்கு ஒண்ணு. அவரு பாத்து சரின்னு ஒரு தட்டு தட்டுனாப் போதும். ஒரு கையால உங்க தராசப் பாக்கட்டும், ஒரு கையால என்னத் தட்டட்டும்.

என்ன சொல்றீங்க? "முதல்ல தராசு." உங்க டோக்கன் எத்தனை? எண்பத்தேழு. இப்ப எத்தனாவது ஓடுது? நாப்பத்தொண்ணு. கடைசி டோக்கன்? நூத்திநாப்பது.

அப்ப எனக்கு நூத்திநாப்பத்தொண்ணு.

திங்கக்கிழமை போயிருமே அண்ணே. ஒரு நாளைக்கு எத்தனை மாத்துறாரு? பதினாலா? நான் கூட உக்காந்தா? போர்டுல ஏத்துறது எனக்குத் தெரிஞ்ச வேலைதான், அதுல மைனஸ் பிளஸ் யோசிக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு பேராச் செஞ்சா இருபத்தெட்டு ஆகும். அப்பயும் திங்கக்கிழமைக்குள்ள முடியாது. கோயமுத்தூர்க்காரங்க பத்து மணிக்குத் திறந்து பாப்பாங்க. என் பேரு இருக்காது. சார், நீங்க எழுதுனத எங்க பாக்கலாம்னு கேப்பாங்க.

என்ன சொல்லலாம்? எட்டயபுரத்துல ஒரு டீச்சரம்மா வீட்டுல போய்ப் பாருங்கன்னு சொல்லலாமா?

சிரிச்சுட்டீங்க. பரவால்ல, சிரிங்க. பழத்தச் சாப்பிடுங்க, பிச்சது பிச்சதுதானே. நாலு கேள்வி வச்சிருந்தேன்னு சொன்னேன்ல, இப்ப ஒண்ணு கூட ஞாபகம் வரல. அந்தாளு மீன் சாப்பிடுவீங்களான்னு கேட்டாரே, அதுக்கு மட்டும் பதில் சொல்லணும். சாப்பிடுவேன்.

பஸ் ஸ்டாண்ட் வந்துருச்சு. படியில இறங்குறப்போ கஷ்டப்படுவீங்க, அந்தத் தராச இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்.

யோசிக்கிறீங்க.

நியாயம்தான். நீங்களே வச்சுக்கங்க. நான் டோக்கனப் பிடிச்சுக்கிறேன்.